கட்டம் போட்டவர் யார்? உழைப்பு, தரவு, மனித முடிவு

 

இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் நினைவைப் போற்றும் இந்த மேடைக்கு எங்கள் வாசிப்புக் குழுவை அழைத்த அரங்கத்துக்கு நன்றி. இந்த உரையை வாசிப்பவர் ஒருவர், எழுதியவர்கள் பலர். எங்களில் நூறு நாள் வேலைக்குப் போன தாய்மார்களின் பிள்ளைகள் இருக்கிறோம். தூய்மைப் பணியாளர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இருக்கிறோம். கணினி முன்னால் உட்கார்ந்து மாதச் சம்பளம் வாங்குகிறவர்களும் ஆய்வு மாணவர்களும் இருக்கிறோம். ஆகவே இந்த உரை முழுவதும் 'நாம்', 'நாங்கள்' என்றே வரும்.

எடுத்துக்கொண்ட பொருள் அன்றாடமானது. நம் வேலையை, கூலியை, ரேஷனை, சில சமயம் நம் சாவைக்கூட இன்று ஒரு பதிவு தீர்மானிக்கிறது. "கம்ப்யூட்டர்ல பேர் வரலைங்க", "சிஸ்டம் எடுக்கல, நாளைக்கு வாங்க" என்ற பதில்களைக் கேட்காதவர்கள் இந்த அரங்கில் இருக்கமாட்டார்கள். அப்படிச் சொல்லும் கடைநிலை ஊழியர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு மனித முடிவு இருக்கிறது. என்ன கேள்வி கேட்பது, பதிலுக்கு எத்தனை கட்டம் போடுவது, எந்தக் கட்டத்தில் விழுந்தவருக்கு என்ன கிடைக்கும் என்பதை யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவைத் தேடிக் கண்டுபிடிப்பதும், எடுத்தவரிடம் காரணம் கேட்பதும் நம் இயக்கங்களின் அன்றாட வேலையாக வேண்டும். நாங்கள் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

1. சீனிவாசன் சேர்த்த கையெழுத்துகள்

சீனிவாசனை நாம் பத்திரிகையாளராக அறிவோம். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கருடன் சென்றவராக அறிவோம். அதற்கெல்லாம் முன்பு அவர் நீலகிரியில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கராக வேலை பார்த்தவர். கணக்குப் புத்தகத்தில் எது எந்தப் பத்தியில் ஏறுகிறது என்பதைத் தொழிலாகவே அறிந்தவர்.

1893இல் இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. கேட்பதற்கு அது நியாயமான கோரிக்கை. சீனிவாசன் அதை எதிர்த்தார். தேர்வு எழுதும் நிலையில் அன்று இருந்தவர்கள் யார், அவர்கள் மாவட்டத் தலைவர்களாக வந்து உட்கார்ந்தால் சேரிக்காரரின் மனு மீது என்ன முடிவு எழுதுவார்கள் என்று அவர் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி, எதிர் மனு ஒன்றை இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடமிருந்து அந்தக் காலத்தில் 3,412 கையெழுத்து என்பது எவ்வளவு நடை, எவ்வளவு பேச்சு என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த மனுவின் நிலைப்பாட்டை இன்று நாம் ஏற்கலாம், விவாதிக்கலாம். ஆனால் அவர் கேட்ட கேள்வி பழையதாகிவிடவில்லை. முடிவெடுக்கும் நாற்காலியில் யார் இருக்கிறார்? அவர் முன்னால் இருக்கும் காகிதத்தில் நாம் எப்படித் தெரிகிறோம்? காகிதம் போய்த் திரை வந்திருக்கிறது. கேள்வி அப்படியே இருக்கிறது.

2. ஏரிக்குள் எடுத்த புகைப்படம்

நூறு நாள் வேலையிலிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் நம் பெண்கள் கணிசமானவர்கள். 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களிலும் வருகைப் பதிவு கைப்பேசிச் செயலி வழியாகத்தான் என்று ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. ஒரு நாளைக்கு இரண்டு முறை தொழிலாளர்களை நிற்க வைத்து, இடக்குறியீட்டுடன் படம் எடுத்து ஏற்ற வேண்டும்.

போலி வருகையைத் தடுப்பதே நோக்கம் என்றார்கள். போலி வருகை இருந்தது உண்மைதான். ஆனால் பணித்தளத்தில் என்ன நடந்தது? காலையில் மண் வெட்டி முடித்த அம்மா, இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்திருந்தார். ஏரிக்குள் டவர் கிடைக்காததால் பணித்தளப் பொறுப்பாளர் கரைமேல் ஏறிக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். வெட்டிய குழி கண் முன்னால் இருக்கிறது. படம் ஏறாவிட்டால் கூலிக்கு ஆபத்து. அந்த அம்மாவின் உழைப்புக்குக் குழி சாட்சி சொன்ன காலம் போய், படம் மட்டுமே சாட்சி என்றானது.

2025 ஜூலையில் அதே ஒன்றிய அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன, படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள், ஆகவே படங்களை ஆட்களை வைத்துச் சரிபாருங்கள் என்றது. ஏமாற்ற நினைத்தவர்களுக்கு வழி கிடைத்துவிட்டது. வெயிலில் நின்றது உண்மையாக வேலை செய்தவர்கள்தான். கடைசியில் ஒரு மனிதர் பார்த்துச் சரி சொல்ல வேண்டிய இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. 2022-23 நிதியாண்டில் இந்தத் திட்டத்திலிருந்து நாடு முழுவதும் 5 கோடியே 18 லட்சம் தொழிலாளர்களின் பெயர்கள் நீக்கப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் நீக்கப்பட்டவர்கள் 1 கோடியே 49 லட்சம் பேர். நீக்கியதற்குச் சொன்ன காரணங்களைப் பாருங்கள்: போலி அட்டை, இரட்டைப் பதிவு, ஊரை விட்டுப் போய்விட்டார், இறந்துவிட்டார், வேலை செய்ய விருப்பமில்லை. இவற்றில் உண்மையான காரணங்களும் இருக்கும். ஆனால் 'விருப்பமில்லை' என்ற கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விருப்பம் என்பது ஒருவர் தன் வாயால் சொல்ல வேண்டியது. அந்தக் கட்டத்தில் குறியிட்டவர் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனாரா? தெருவில் கூப்பிட்டுக் கேட்டாரா? ஆதாருடன் பெயர் பொருந்தாத அட்டையை என்ன செய்வதென்று தெரியாமல், இருக்கும் காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாரா? இதைக் கிராமசபையில் பெயர் வாரியாகக் கேட்கலாம். கேட்ட ஊர்களில் பதில் சொல்ல ஒருவர் எழுந்து நிற்க வேண்டியிருந்தது.

2021இல் நடந்ததையும் மறக்க வேண்டாம். அந்த நிதியாண்டில் கூலியைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மற்றவர்கள் என்று மூன்றாகப் பிரித்து அனுப்பும் முறை கொண்டுவரப்பட்டது. எந்தப் பிரிவினருக்கு எவ்வளவு பணம் போகிறது என்பது கணக்கில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். டெல்லியில் அது ஒரு கணக்குத் தலைப்பு. ஊரில் என்ன ஆயிற்று? ஒரே ஏரியில், ஒரே நாளில், பக்கத்தில் பக்கத்தில் நின்று மண் சுமந்தவர்களில் ஒரு பிரிவுக்குக் கூலி வந்தது, இன்னொரு பிரிவுக்கு வரவில்லை. "உங்களுக்கு மட்டும் எப்படி வந்தது?" என்ற கேள்வி பணித்தளத்தில் எழுந்தது. சேர்ந்து வேலை செய்ததால் கொஞ்சம் தேய்ந்திருந்த கோட்டை ஒரு கணக்குப் பத்தி மறுபடியும் அழுத்தி வரைந்தது. எதிர்ப்பு வந்த பிறகு அந்த ஆண்டுக்குள்ளேயே அதைக் கைவிட்டார்கள். சாதி வேலையை மட்டுமல்லாமல் வேலை செய்கிறவர்களையும் பிரித்து அடுக்குகிறது என்று 1936இலேயே அம்பேத்கர் விளக்கியிருந்தார். நம் காலத்தில் அதைச் செய்ய ஒரு மென்பொருள் தலைப்பு போதுமானதாக இருந்தது.

3. ஏழாவது இடம்

மாணவத் தோழர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று. பல்கலைக்கழக ஆசிரியர் பணியிடங்களில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு ஒன்றிய அரசின் விதி. இந்த விதியை யாரும் தொடவே இல்லை. ஆனால் 2018இல் அதைக் கிட்டத்தட்ட வெறுங்காகிதம் ஆக்கும் அளவுக்கு ஒரு மாற்றம் வந்தது. எப்படி?

அதுவரை ஒரு பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு, 200 இடச் சுழற்சிப் பட்டியல்படி ஒதுக்கீடு கணக்கிடப்பட்டது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2017இல் அளித்த தீர்ப்பைக் காட்டி, 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு அலகை மாற்றியது. இனி ஒவ்வொரு துறையும் தனித்தனி அலகு. சிறிய அலகுக்கு 13 இடப் பட்டியல். அதில் 4ஆவது இடம் பிற்படுத்தப்பட்டோருக்கு, 7ஆவது இடம் பட்டியல் சாதிக்கு, 14ஆவது இடம்தான் பழங்குடிக்கு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு துறையில் ஆறு பணியிடம்தான் இருக்கிறது என்றால் ஏழாவது இடம் வரவே வராது. அப்படிப்பட்ட 20 துறைகள் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தால் 120 பணியிடங்கள். பல்கலைக்கழகத்தை ஓர் அலகாகக் கொண்டால் 15 விழுக்காட்டின்படி 18 இடம் நமக்கு வரும். துறைவாரியாகக் கணக்கிட்டால் ஓர் இடமும் கிடைக்காமல் போகலாம். அதே சட்டம், அதே விழுக்காடு, அதே 120 பணியிடம். எண்ணத் தொடங்கும் கோடு மட்டும் இடம் மாறியது.

இதைப் புரிந்துகொண்ட மாணவர்களும் ஆசிரியர்களும் தெருவுக்கு வந்தார்கள். 2019 மார்ச் 5இல் நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடந்தது. இரண்டு நாளில் அவசரச் சட்டம் வந்தது. பிறகு அது நாடாளுமன்றத்தில் சட்டமாகி, பல்கலைக்கழகமே அலகு என்பது மீண்டது. சுழற்சிப் பட்டியல் போன்ற வறண்ட கணக்கைப் பல்லாயிரம் பேர் படித்துப் புரிந்து போராடிய அந்த நிகழ்வு, நமக்குத் தரவு அறிவு எவ்வளவு தேவை என்பதற்குச் சான்று.

ஆனாலும் வெற்றி முழுமையானதில்லை. பட்டியலில் நமக்கென்று இடம் வந்த பிறகும், நேர்காணல் அறையில் 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி எழுதி அந்த இடத்தைக் காலியாகவே வைக்க முடிகிறது. அந்த வரியை எழுதுவது எந்தக் கருவியும் இல்லை, மனிதர்கள்தான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

4. கணக்கில் இல்லாத சாவு

இனி நாங்கள் பேசப்போவது இந்த உரையின் கனமான பகுதி.

கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்து, அதில் ஈடுபடுத்தப்பட்டவர்களுக்கு மறுவாழ்வு அளிக்கும் சட்டம் 2013 டிசம்பர் 6 அன்று, அம்பேத்கரின் நினைவு நாளில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் இரண்டு செயல்களைத் தனித்தனியாக வரையறுக்கிறது. ஒன்று, கையால் மலம் அள்ளுதல். மற்றொன்று, பாதாளச் சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் சுத்தம் செய்யும் 'ஆபத்தான துப்புரவு'. இரண்டும் குற்றம். பிரித்து எழுதியதில் சட்ட நோக்கில் நியாயம்கூட இருக்கலாம்.

அந்தப் பிரிவு பின்னால் எப்படிப் பயன்பட்டது என்பதைப் பாருங்கள். 2021 ஜூலையில் மாநிலங்களவையில் கேள்வி எழுந்தபோது, கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று அமைச்சர் பதில் சொன்னார். மலக்குழியில் இறங்கி இறந்தவர்கள் 'ஆபத்தான துப்புரவு' என்ற வேறு கட்டத்தில் இருந்தார்கள். பதிலில் எண் பிழை எதுவும் இல்லை. கட்டத்தைப் பிரித்துவிட்டதால் ஒரு கட்டத்தில் சுழியம் எழுத முடிந்தது. அந்தச் சுழியம்தான் தலைப்புச் செய்தி ஆனது. நாற்றமும் அதே, குழியும் அதே, இறங்கியவரின் சாதியும் பெரும்பாலும் அதே.

சாதி என்று சொன்னோம். அதற்கும் அரசின் கணக்கே இருக்கிறது. 2013, 2018 கணக்கெடுப்புகளில் கையால் மலம் அள்ளுவோர் என்று அடையாளம் காணப்பட்டவர்கள் 58,098 பேர். அவர்களில் 43,797 பேரின் சாதி விவரம் 2021இல் நாடாளுமன்றத்தில் தரப்பட்டது. அதில் 42,594 பேர் பட்டியல் சாதியினர். நூற்றுக்கு 97 பேர். இந்த வேலையைத் தொழில் என்று சொல்வதா சாதி என்று சொல்வதா என்று இனியும் யாராவது தயங்கினால், இந்த இரண்டு எண்களை அவர் முன்னால் வையுங்கள்.

58,098 என்ற எண்ணும் முழுமையானதில்லை என்பதை அரசின் இன்னொரு கணக்கே காட்டுகிறது. மனிதர்கள் மலத்தை அகற்றும் கழிப்பறைகள் 7 லட்சத்து 94 ஆயிரம் இருப்பதாக 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்னது. கழிப்பறை கணக்கில் ஏறியது. அதை அள்ளிய பெரும்பாலான பெண்கள் ஏறவில்லை. காரணம் வெளிப்படை. என் மாவட்டத்தில் இந்தத் தொழில் இருக்கிறது என்று ஒரு நிர்வாகம் பதிவு செய்தால், தன் மாவட்டத்தில் சட்டம் மீறப்படுகிறது என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். குற்றம் சாட்டப்பட வேண்டியவரிடமே எண்ணும் வேலையையும் கொடுத்தால் எண் எப்படி வரும்?

இந்த நிலையில் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் செய்ததுதான் நமக்குப் பாடம். பெஸ்வாடா வில்சனும் தோழர்களும் 2003இல் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். மாநில அரசுகள் 'எங்கள் மாநிலத்தில் இல்லை' என்று உறுதிமொழி தாக்கல் செய்தன. இவர்கள் ஊர் ஊராகப் போய் உலர் கழிப்பறைகளையும் அதில் வேலை செய்தவர்களையும் படத்தோடும் விவரத்தோடும் பதிவு செய்து நீதிமன்றத்தில் வைத்தார்கள். 2014 மார்ச் 27 தீர்ப்பு, 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்த ஒவ்வொருவரையும் கண்டறிந்து அவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பு அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. ஒரு குடும்பம் அந்தத் தொகையைப் பெற முதல் தடையாக நிற்பது, இறந்தவர் எப்படி இறந்தார் என்று காவல் நிலையத்தில் எழுதப்படும் வரி. குழிக்குள் ஏன் இறங்கினார், யார் இறக்கினார் என்பது முதல் தகவல் அறிக்கையில் இல்லாவிட்டால், பிறகு ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது. ஆகவே அந்த முதல் நாளில் காவல் நிலையத்தில் நம் தோழர் ஒருவர் உட்கார்ந்திருப்பது கூட்டம் போடுவதைவிடப் பெரிய வேலை.

நாடாளுமன்றத்தில் தரப்பட்ட மாநிலவாரிப் பட்டியல்களில் இத்தகைய இறப்புகளில் தமிழ்நாடு முன்னணியில் நிற்கிறது. இது நமக்கு அவமானம்தான். ஆனால் இந்த எண்ணையும் கவனமாகப் படிக்க வேண்டும். எண்ணிக்கை குறைவாகக் காட்டும் மாநிலத்தில் சாவு குறைவா, எண்ண வைத்தவர்கள் குறைவா? தமிழ்நாட்டில் 1993 முதல் இறந்தவர்களைத் தேடிப் பட்டியலிட்ட இயக்கங்கள் இருந்தன. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017இல் இந்தச் சாவுகளை முகங்களோடு நம் முன் வைத்தது. அதிக எண் என்பது அதிகக் கொடுமையின் அடையாளம் மட்டும் இல்லை, அதிகத் தேடலின் விளைவாகவும் இருக்கலாம்.

2022, 2023ஆம் ஆண்டுகளில் நடந்த இறப்புகளில் 54ஐ எடுத்து ஒன்றிய அரசு சமூகத் தணிக்கை செய்தது. அதன் முடிவு 2025இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 54 பேரில் 49 பேர் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லாமல் இறங்கியவர்கள். 38 பேர் தனிப்பட்ட முறையில் கூலிக்கு அழைக்கப்பட்டவர்கள். அதாவது, எந்த அலுவலகத்தின் வருகைப் பதிவிலும் அவர்கள் பெயர் இல்லை.

இதற்கு நேர் எதிரான காட்சியையும் பாருங்கள். சண்டிகர், நாக்பூர் போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்கள் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டிவிட்டார்கள். அவர் எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதை மேலே இருந்து ஒருவர் திரையில் பார்க்கலாம். தொழிலாளர்கள் இதை அடிமைச் சங்கிலி என்று சொல்லி எதிர்த்தார்கள். நம் கேள்வி இது: தொழிலாளரின் நடமாட்டத்தை நொடிக்கு நொடி அளக்கும் கருவி வாங்கப் பணம் இருக்கிறது. குழிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கருவியும் சந்தையில் கிடைக்கிறது. எதை முதலில் வாங்குவது என்று முடிவெடுத்தவர் யார்? தொழிலாளி சோம்பேறியாக இருப்பார் என்ற சந்தேகத்துக்கு அளவுகோல் உண்டு. அவர் செத்துப்போவார் என்ற அச்சத்துக்கு அளவுகோல் இல்லை. தரவு எந்தத் திசையில் பாய்கிறது என்பதே அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது.

5. கருவியை விட மனிதர் நல்லவரா?

இவ்வளவையும் கேட்டுவிட்டு, 'பழைய காலத்தில் மனிதர் பார்த்து முடிவெடுத்தாரே, அதுவே மேல்' என்று யாராவது நினைத்தால், நாங்கள் அதற்கு உடன்பட முடியாது. அந்த மனிதர் யார் என்பது நமக்குத் தெரியும். கூலியைக் கையில் தராமல் தூக்கிப் போட்டவர் அவர். சாதிச் சான்றிதழுக்கு நம்மை ஆறு மாதம் நடக்க வைத்தவர் அவர். வருகைப் பதிவேட்டில் தன் உறவினர் பெயரை எழுதிக்கொண்டவர் அவர். நேர்காணலில் 'தகுதியானவர் இல்லை' என்று எழுதுகிறவரும் அவர்தான்.

கூலி நேராக வங்கிக் கணக்குக்கு வந்தபோது நம் பெண்கள் நிம்மதி அடைந்தார்கள். விடைத்தாளில் பெயர் இல்லாமல் எண் மட்டும் இருப்பது நம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. சுழற்சிப் பட்டியல் என்பதும் அதிகாரியின் விருப்பு வெறுப்பைக் கட்டிப்போடக் கண்டுபிடித்த ஒரு கணக்குதான். தரவும் விதியும் நமக்குப் பகை என்று சொல்லிவிட முடியாது. பல சமயம் சாதி மனிதரிடமிருந்து நம்மைக் காப்பாற்றியவை அவை.

ஆனால் விதியைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு மனிதர் எழுந்து போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தெலங்கானாவைப் பாருங்கள். அங்கே குடும்பங்களைப் பற்றிய பல துறைத் தரவுகளைக் கணினியில் ஒப்பிட்டு, தகுதியில்லாதவை என்று லட்சக்கணக்கான ரேஷன் அட்டைகள் ரத்து செய்யப்பட்டன. முன்னறிவிப்பு இல்லை, வீட்டுக்கு வந்து பார்க்கவில்லை என்று வழக்குப் போனது. ஏறக்குறைய 19 லட்சம் அட்டைகளை நேரில் சென்று மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கிடைக்காமல் போன அரிசியை எந்த ஆணையும் திருப்பித் தராது.

ஆகவே எங்கள் குழு ஒரு முடிவுக்கு வந்தது. மனிதரா கருவியா என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்தப் பதிவைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்போம்.

முதல் கேள்வி: கட்டம் போட்டது யார்? எந்த விவரத்தைக் கேட்பது, எதை விடுவது என்று முடிவெடுத்த இடத்தில் அந்த வேலையைச் செய்கிறவர் ஒருவராவது இருந்தாரா?

இரண்டாவது: கட்டத்தை நிரப்புவது யார்? நிரப்பும்போது சம்பந்தப்பட்டவரிடம் கேட்டார்களா, நிரப்பியதை அவருக்குப் படித்துக் காட்டினார்களா?

மூன்றாவது: தவறென்றால் யாரிடம் போவது? பெயரும் பதவியும் உள்ள ஒருவர், இத்தனை நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறதா?

இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் கணினியும் நமக்குத் தோழன்தான். பதில் இல்லையென்றால், கைப்பட எழுதிய பதிவேடும் நமக்குப் பகைதான்.

6. நம் கையில் ஒரு பதிவேடு

இந்த வேலை நமக்குப் புதிதில்லை. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே நம் மக்களை ஆதித்தமிழர் என்று பதிய வேண்டும் என்று அயோத்திதாசப் பண்டிதர் குரல் கொடுத்தார். 1911 கணக்கெடுப்பின்போது பௌத்தர் என்று பதியுமாறு 'தமிழன்' இதழ் வழியாக இயக்கம் நடத்தினார். தன்னை என்ன பெயரால் எழுதுவது என்பதை எழுதுகோல் வைத்திருப்பவரிடம் விட்டுவிடக் கூடாது என்பது அவர் காட்டிய வழி. 1932இல் வாக்குரிமைக் குழுவின் முன், ஐக்கிய மாகாணம், பஞ்சாப், வங்காளம் போன்ற பகுதிகளில் தீண்டத்தகாதோரே இல்லை அல்லது மிகக் குறைவு என்ற வாதங்கள் வந்தன. எண்ணுக்கு ஏற்பப் பிரதிநிதித்துவம் என்றதும் எண்ணே குறைந்தது. அந்தக் குழுவில் இருந்த அம்பேத்கர் தனிக்குறிப்பு எழுதி அதை எதிர்கொண்டார்.

பஞ்சமி நிலத்தின் கதையும் பதிவேட்டின் கதைதான். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் தந்த அறிக்கையும், 1892 அரசாணையும், மற்றவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் காகிதத்தில் இருக்கின்றன. நிலம் வேறு கைகளில் இருக்கிறது. அதை மீட்கக் கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். இன்று பட்டாவும் சிட்டாவும் இணையத்தில் கிடைப்பது வசதிதான். ஆனால் கணினியில் ஏறியது கடைசியாக யார் பெயரில் இருந்ததோ அந்தப் பதிவு. நிபந்தனை எழுதப்பட்ட பழைய பதிவேடு அலுவலக அலமாரியில் கிடக்கிறது. அதைத் தேடி நகல் வாங்காமல் திரையை மட்டும் பார்த்தால், பழைய அநியாயம் சுத்தமான எழுத்துருவில் சட்டபூர்வமாகத் தெரியும்.

நம் முன்னால் இப்போது பெரிய கணக்கெடுப்பு ஒன்று நிற்கிறது. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கும், அதில் சாதியும் எடுக்கப்படும் என்று அரசு அறிவித்திருக்கிறது. பதிவுகள் கைப்பேசி வழியாக ஏறப்போகின்றன. எந்தப் பெயரால் பதிவது, கிறித்தவத்துக்குப் போன நம் உறவுகள் எங்கே பதிவாவார்கள், புலம்பெயர்ந்து செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களை யார் எண்ணுவார்கள் என்பதைப் பற்றி ஒவ்வோர் ஊர்த்தெருவிலும் பேச வேண்டும். கணக்கெடுப்பவர் கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு அனுப்பாமல், என்ன எழுதினார் என்று கேட்டுப் பார்க்கும் பழக்கத்தை வளர்க்க வேண்டும்.

மாணவத் தோழர்களிடம் நாங்கள் கேட்பது சில எளிய வேலைகள். உங்கள் ஊராட்சியில் நீக்கப்பட்ட பெயர்களின் பட்டியலை வாங்கி, வீடு வீடாகப் போய்ச் சரிபாருங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் சுழற்சிப் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 'தனிநபர் தகவல்' விலக்கை விரிவாக்கித் திருத்தியிருக்கிறது. பயனாளிகளின் பெயர்ப்பட்டியலைக்கூட மறுக்க அது வழி தரும் என்ற அச்சம் நியாயமானது. நம் தரவைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி நம்மிடமிருந்தே அதை மறைக்கும் நிலை வரக் கூடாது. இதை எதிர்த்து எழுத வேண்டும், பேச வேண்டும்.

இயக்கங்களில் உள்ளவர்களுக்கும் ஒன்று. நாம் எடுக்கும் கணக்குக்கும் அதே மூன்று கேள்விகள் பொருந்தும். மலக்குழியில் கணவரை இழந்த பெண்ணிடம் போய் விவரம் வாங்கும்போது, அது எதற்கு, எங்கே போகும் என்று சொல்லி அவர் சம்மதம் பெற வேண்டும். அறிக்கை அச்சானதும் ஒரு பிரதி அவர் கைக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் 2009இல் அருந்ததியர் உள் ஒதுக்கீடு வந்தது, 'பட்டியல் சாதி' என்ற ஒரே கட்டத்துக்குள் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டதால்தான். அந்தக் கேள்வி நமக்குச் சங்கடமாக இருந்தாலும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நம் கூட்டங்களில், நம் இதழ்களில், நம் மேடைகளில் தூய்மைப் பணியாளர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க எந்த அரசின் அனுமதியும் தேவையில்லை.

தரவு என்றால் தங்களுக்குத் தொடர்பில்லாத படித்தவர் விஷயம் என்று நம் தாய்மார்கள் நினைக்கிறார்கள். ஆனால் எத்தனை நாள் வேலை செய்தோம், எத்தனை நாள் கூலி வரவில்லை என்பதைச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருப்பவர்களும் அவர்கள்தான். அந்தக் கோட்டுக்கும் அரசின் திரைக்கும் முரண்பாடு வரும்போது எதை நம்புவது என்று ஒரு மனிதர் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அந்த மனிதர் முன்னால் அந்தத் தாயுடன் நாமும் போய் உட்கார வேண்டும். கோட்டை எண்ணச் சொல்ல வேண்டும். எண்ணி முடிக்கும்வரை எழுந்து வரக் கூடாது.